உக்கியதற்கான அத்தாட்சி

தர்மபுரத்திலிருந்து கிறவல் வீதியில் உள்ளே இறங்கினால், கிறவல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நிற்கும். 'தாவரமூல உக்கும்பொருள் ஆய்வு, அபிவிருத்தி மற்றும் பரம்பல் நிலையம்.' இவ்வளவையும் மூன்று மொழிகளிலும் எழுதியதில் பலகை வாசலைவிட அகலமாகிவிட்டது. ஆகவே மதிலை இடித்து வாசலைப் பெருப்பித்தார்கள். அந்த வேலை முடியும்வரை ஆய்வு தொடங்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நிலையத்தின் முதற்கடமை தன் பெயரைத் தாங்கி நிற்பதுதான்.

நிலையத்தின் நோக்கம் நல்ல நோக்கம். பொலித்தீனுக்குப் பதிலாக, மண்ணில் போட்டால் உக்கி மண்ணோடு போய்விடுகிற தாளைச் செய்ய வேண்டும். மரவள்ளி மாவோடு வைக்கோல் நாரை அரைத்துக் கலந்து, காய்ச்சி, தட்டில் மெல்லியதாக ஊற்றிக் காயவிட்டால் அப்படி ஒரு தாள் உரிந்து வரும். நாற்றுப் பை செய்யலாம், சாமான் சுற்றலாம். இதைச் செய்துகாட்டியவள் கஜனி என்ற கனகராயன்குளத்துப் பிள்ளை. பல்கலைக்கழகப் படிப்பு முடித்து, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலையில் உதவி ஆய்வாளராக இருந்தாள். நிலையத்தில் கையால் வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்குக் கதிரை தேவைப்படாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

மரவள்ளி ராக்காயியின் காணியிலிருந்து வந்தது. ராக்காயிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கைக்குழந்தையாக இருக்கும்போது இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, தாயின் இடுப்பில் இருந்தபடி வன்னிக்கு வந்தவள். புருஷன் இல்லை. மகள் கலியாணம் கட்டி வவுனியாவில் இருக்கிறாள். இவளுக்கென்று உலகத்தில் இருப்பது நிலையத்துக்கு எதிரே அரை ஏக்கர் மேட்டுக்காணி. அதுவும் லேசில் கிடைத்ததல்ல. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது காணியைச் சுற்றிச் சிவப்புத் தலைக் கட்டைகளும் மண்டையோட்டுப் பலகையும் நின்றன. மிதிவெடி. ஒவ்வொரு மாரியும் வீதியில் நின்று, அடுத்தவர் காணியில் மரவள்ளி தளைப்பதைப் பார்த்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனாள். வருடங்கள் கழித்துத்தான் கட்டைகளைப் பிடுங்கி அவளை உள்ளே விட்டார்கள். அன்று அவள் நிலத்தில் குந்தி அழுதாள்.

அந்தக் காணியைத்தான் நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி முத்துலிங்கம் கேட்டார்.

தாள் உக்குகிறதா என்று மண்ணில் புதைத்துப் பார்க்க வேண்டும். நிலையத்துக்குச் சொந்தமாக ஏக்கர் கணக்கில் வளவு இருந்தது. ஆனால் அதில் புல் வளர்த்திருந்தார்கள். கிண்டினால் புல் பழுதாகும். எதிர்க்காணியில் மரவள்ளி அப்போதுதான் கிளறி முடிந்திருந்தது. அடுத்த மாரிக்கு முன்னால் திருப்பித் தருவதாகப் பணிப்பாளர் வாக்குக் கொடுத்தார். அவர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து பழகிய மனுசர், மிகவும் மரியாதையாகப் பேசினார். மரியாதையாகக் கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல ராக்காயிக்கு வராது.

தை மாதத்தில் புதைப்பு விழா நடந்தது. புதைப்பதற்கு விழாவா என்று ராக்காயி கஜனியிடம் கேட்டாள். திறப்பு விழாவுக்கான நிதி மிஞ்சிக் கிடந்தது என்று கஜனி சொன்னாள். காணியின் குறுக்கே பெரிய பிளாஸ்ரிக் பனர் கட்டினார்கள். விருந்தினருக்குப் பொலித்தீன் சுற்றிய பூங்கொத்தும் போத்தல் தண்ணீரும் கொடுத்தார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“உக்காத பொருள்தான் இந்த நூற்றாண்டின் சாபம். நாங்கள் எதைச் செய்தாலும் அது சுவடே இல்லாமல் மறைந்துபோக வேண்டும். இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. இனியும் விட்டுவைக்க மாட்டோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மதியச் சாப்பாடு. லஞ்ச் சீற் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளில் கட்டிய சோற்றுப் பார்சல்கள். ராக்காயிக்கும் ஒன்று கிடைத்தது. சாப்பிட்டு முடித்தவர்கள் சீற்றுகளைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வாகனம் ஏற, தைமாதக் காற்று அவற்றில் ஒன்றைத் தூக்கி, தாள் இட்டுத் திறந்து கிடந்த கடைசிக் குழிக்குள் சேர்த்தது. கூலிக்கு வந்தவர்கள் இருந்ததையெல்லாம் சேர்த்து மண் போட்டு மூடினார்கள்.

காணியை அடையாளப்படுத்த வேண்டுமே. தூரத்திலிருந்து தெரிகிற நிறத்தில் கட்டை நடுமாறு பணிப்பாளர் உத்தரவிட்டார். சுற்றிவரக் கட்டை நட்டு, ஒவ்வொன்றின் தலைக்கும் சிவப்பு மை பூசி, கயிறு கட்டினார்கள். அழகாக இருக்கிறது என்று பணிப்பாளர் சொன்னார். மை பூசியவன் கீழ்க்கண்ணால் கஜனியைப் பார்த்தான். கஜனி, வேறு நிறம் பூசலாமே சேர் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று அவர் கேட்டார். அதை விளங்கப்படுத்த எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த வழியால் ஆள் நடமாட்டம் குறைந்தது. அவை நிலையத்தின் கட்டைகள் என்று ஊருக்கே தெரியும். விழாவில் சாப்பிட்டவர்கள்தானே. ஆனால் தெரிவது தலைக்குத்தான். சிவப்புத் தலைக் கட்டையைக் கண்டால் இந்தப் பக்கத்தில் கால் தானாக நின்றுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுப்பாதையால் போனார்கள். தபால்காரர் ராக்காயியின் கடிதங்களைச் சந்திக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். காணியின் மூலையில் உள்ள தன் வீட்டுக்கு ராக்காயி கயிற்றின் ஓரமாக ஒதுங்கி நடந்தாள். முப்பது கட்டையும் தாண்டி வாசலில் ஏறும்வரை கண்ணை நிலத்திலிருந்து எடுக்கமாட்டாள்.

சித்திரையில் குழிகளைத் திறந்தார்கள். முதல் குழியில் தாள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கஜனி குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளி மணந்து பார்த்தாள், விரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து ராக்காயி பார்த்தது அன்றுதான். எல்லாம் உக்கிவிட்டது, காணியை விட்டுவிடுவார்கள் என்று சொன்னாள். ராக்காயி அன்றைக்கே மரவள்ளித் தடி தேடப் புறப்பட்டாள்.

ஆனால் நிலையத்துக்கு ஒரு களஞ்சியம் இருந்தது. களஞ்சியத்துக்குப் பொறுப்பாக வீரகத்தி என்பவர் இருந்தார். வெளியே கொடுத்த எந்தப் பொருளும் எந்த நிலையிலாவது திரும்பி வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். உடைந்த கதிரைகளும் வெடித்த சைக்கிள் ரியூப்களும் கைப்பிடி போன மண்வெட்டிகளும் அங்கே வரிசையாக இருந்தன. கஜனி ஒரு பையில் மண்ணைக் கொண்டுபோய் வைத்தாள். வீரகத்தி பையைத் திறந்து பார்த்தார்.

“பிள்ளை, நான் தந்தது தாள். இது மண். உடைஞ்ச கதிரை எண்டா உடைஞ்ச கதிரை வரும். உக்கின தாள் எண்டா உக்கின தாள் வர வேணும். அது எங்க?”

அதுதான் இது என்று கஜனி சொன்னாள். மண்ணைத் தான் யாருக்கும் வழங்கவில்லை என்றும், வழங்காததைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியாது என்றும் வீரகத்தி பையைத் திருப்பித் தள்ளினார். விஷயம் பணிப்பாளரிடம் போனது. அங்கே ராக்காயியும் இருந்தாள், காணி எப்போது வரும் என்று கேட்க வந்தவள். பணிப்பாளர் இருவரையும் இருத்திவைத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

“தாள் உக்கியதை நான் மறுக்கவில்லை. உக்கியதைக் கொண்டுவந்து காட்டும்படிதான் கேட்கிறேன். இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு வெற்றி என்று நான் மேலிடத்துக்கு எப்படி எழுதுவது? 'உக்கிப் போய்விட்டது' என்று யாரும் சொல்லலாம். களவெடுத்தவனும் சொல்லலாம்.”

ராக்காயிக்குத் தலை சுற்றியது. இருந்தால் உக்கவில்லை. உக்கினால் இல்லை. இதில் எது நடந்தால் காணி வரும் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கடைசிக் குழியைத் திறந்தவர்கள் ஓடிவந்தார்கள். மாதிரி கிடைத்துவிட்டதாம்.

மேசையில் விரித்தார்கள். முழுத் தாள். ஒரு கிழிசல் இல்லை. ஓரத்தில் மஞ்சளாகக் கறிக் கறை. கஜனி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். விழாவன்று சோறு கட்டிய லஞ்ச் சீற் அது என்று சொன்னாள். பணிப்பாளர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய குரலில் ஒரு சந்தோசம் இருந்தது.

“கஜனி, இது எமது குழியில் எடுத்தது. எமது குழியில் இருப்பது எமது மாதிரி. உணர்ச்சிவசப்படாதீர்கள்.”

வீரகத்தி அதை உடனே ஏற்றுக்கொண்டார். ஆய்வு முடிவு பதிவாகியது. மாதிரி முழுமையாக உள்ளது, ஆகவே உக்கவில்லை, ஆகவே பரிசோதனை நீடிக்கப்பட வேண்டும். கஜனி செய்த தாள்கள் எல்லாம் காணாமற்போனவை என்று எழுதப்பட்டன. விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டாம் முறை புதைக்கும்போது நிலையம் உசாராக இருந்தது. தாள் உக்கினாலும் அது இருந்த இடம் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு தாளோடும் இலக்கம் அடித்த அலுமினியத் தகடு ஒன்றைச் சேர்த்துப் புதைத்தார்கள். இந்தமுறை தாளுக்குத்தான் மரவள்ளி கிடைக்கவில்லை. மரவள்ளி விளைகிற காணியில் தாள் புதைத்திருந்தது. தென்பகுதியிலிருந்து பொலித்தீன் மூட்டையில் மா வந்தது.

ஆனியில் பள்ளிக்கூடத்துக்குப் புது ஆசிரியர் ஒருவர் மாற்றலாகி வந்தார். பிள்ளைகள் ஏன் சுற்றிப் போகிறார்கள் என்று கேட்டார், கட்டைகளைப் பார்த்தார், பொறுப்பான மனுசர், மிதிவெடி அகற்றும் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்.

வந்த அணிக்குப் பொறுப்பாக இருந்தவள் சாரங்கா. தகப்பனை மிதிவெடியில் பறிகொடுத்தவள். பத்து வருடத்துக்கு மேலாக முழங்காலில் இருந்து மண்ணைக் கிண்டுகிறாள். இந்தக் காணி முன்பே சுத்தம் செய்து விடுவிக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். உலோகம் தேடுகிற மெசினை ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். பிடித்த இடத்தில் மெசின் கத்தியது. அடுத்த குழியிலும் கத்தியது. வரிசையாக, ஒரு குழி தவறாமல் கத்தியது. பணிப்பாளர் வாகனத்தில் வந்து இறங்கி, அவை தங்கள் தகடுகள் என்று கோபமாகச் சொன்னார்.

“இருக்கலாம் சேர்,” என்றாள் சாரங்கா. “நீங்கள் தகடு எண்டுறியள். மெசின் உலோகம் எண்டுது. நான் உங்களை நம்பிக் காலை வைக்கேலாது.”

அன்று பின்னேரமே மண்டையோட்டுப் பலகை திரும்பி வந்தது. அதே மூலையில், முன்பு நின்ற அதே இடத்தில் நட்டார்கள். ராக்காயி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. இதற்கு மேல் அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். வீட்டை விட்டு அவளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் இருக்கச் சொன்னார்கள். போனாள்.

சாரங்காவின் ஆட்கள் ஆடி வெயிலில் ஒவ்வொரு குழியாகக் கையால் கிண்டினார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு தகடு. தாள் ஒன்றுகூட இல்லை. தகடுகளை ஒரு வாளியில் போட்டு நிலையத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். வீரகத்தி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, எல்லாம் சரி என்று பெருமையோடு களஞ்சியத்தில் வைத்தார். தாள்கள் இரண்டாம் முறையும் காணாமற்போயின. கஜனியின் வேலை அந்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் செய்த தாள் இரண்டு தரமும் சரியாக உக்கியதுதான் காரணம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் பரந்தனில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். அங்கே மாத்திரைகளைச் சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டுக் கொடுக்கிறாள்.

இனிக் காணியைத் தருவார்கள் என்று ராக்காயி நினைத்தாள். நிலையத்துக்குப் போனாள். காணி இப்போது மிதிவெடிக்காரரின் கையில், அவர்கள் விடுவித்தால்தான் தாங்கள் விடலாம் என்றார்கள். மிதிவெடி அலுவலகத்துக்குப் பஸ் பிடித்துப் போனாள். காணியைத் தாங்கள் அந்தக் காலத்திலேயே விடுவித்துவிட்டதாகவும், விடுவித்த காணியை இன்னொருமுறை விடுவிக்க விதியில்லை என்றும் சொன்னார்கள். அப்படியானால் கட்டைகளையாவது பிடுங்குங்கள் என்றாள். அவை நிலையத்தின் கட்டைகள். நிலையத்தில் கேட்டால், சிவப்புத் தலைக் கட்டையில் கைவைக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை. இப்படி ஆவணி போனது, புரட்டாதி போனது. இரண்டு இடத்திலும் அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஐப்பசியில் வானம் கறுத்தது. தடி நடுவதற்கு மண் ஈரமாகிற அந்த ஒரு கிழமை போனால் இந்த வருடமும் போய்விடும். சாரங்கா சைக்கிளில் அந்த வழியால் போனவள், கொட்டில் வாசலில் இறங்கினாள். ராக்காயி மரவள்ளித் தடிகளைக் கட்டாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தடிகள் காயத் தொடங்கியிருந்தன.

“அம்மா, நான் எழுதித் தரேலாது,” என்றாள் சாரங்கா. “ஆனா உள்ள ஒண்டும் இல்லை. முழுக் காணியும் நானே கையால கிண்டிப் பாத்தனான். என்ர பிள்ளையையும் நான் அதுக்குள்ள விடுவன்.”

அடுத்த நாள் காலை மழைத் தூறலோடு ராக்காயி கயிற்றைத் தாண்டினாள். முதலில் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தாள். சாரங்காவின் சொல்லை மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த காலையும் வைத்தாள். மண்வெட்டியைப் போட்டாள். நல்ல மண். இரண்டு தரம் கிண்டி, இரண்டு தரம் தாள் உக்கிய மண், கை வைத்தால் பொலபொலவென்று வந்தது.

தகவல் கிடைத்துப் பணிப்பாளர் வந்தார். குடையோடு இறங்கி, கயிற்றுக்கு வெளியே நின்று, இது தடைசெய்யப்பட்ட ஆய்வுப் பிரதேசம், உடனே வெளியே வர வேண்டும், நட்டதைப் பிடுங்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார். ராக்காயி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தாள்.

“எனக்கு இடுப்பு முடியலைங்க ஐயா. நீங்க வந்து புடுங்கிடுங்க.”

பணிப்பாளர் காலடியைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். அவரே நடச் சொன்ன கட்டை. அவரே தெரிவுசெய்த நிறம். உள்ளே என்ன இருந்தது என்று உலகத்தில் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், அது வாளியில் திரும்பி வந்ததையும் கண்டவர். மண்டையோட்டுப் பலகையையும் ஒருமுறை பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். பிறகு அதைத் தூக்கிய இடத்திலேயே வைத்தார். சாரதியைப் பார்த்தார். சாரதி வாகனத்துக்குள் ஏறி, கதவையும் சாத்திக்கொண்டான்.

தை மாதம் நிலையத்தின் ஆண்டறிக்கை வந்தது. பளபளவென்று பிளாஸ்ரிக் மேலுறை. அட்டையில் கயிற்றுக்கு வெளியே நின்று எடுத்த படம்: இடுப்பளவு வளர்ந்த மரவள்ளி. 'எமது உக்கும் தாளினால் வளம்பெற்ற நிலம்.' உக்கவில்லை என்று எழுதிய அதே அறிக்கையின் அட்டைதான். படத்தில் ராக்காயி இல்லை. பயிர் நிலையத்தின் மாதிரியாகிவிட்டதால், பறித்தல் தடை என்று வீதியோரம் இன்னொரு பலகை நட்டார்கள். அதுவும் கயிற்றுக்கு வெளியேதான்.

ஆனியில் ராக்காயி கிழங்கு கிளறினாள். தனியாகத்தான். கூலிக்குக்கூட யாரும் கயிற்றைத் தாண்டி வரவில்லை. கிழங்கு வியாபாரி வீதியில் வாகனத்தை நிறுத்தி, வெளியே கொண்டுவந்து போடச் சொன்னான். மகள் வந்து வீதியில் நின்று அழுதுவிட்டுப் போனாள். சொந்தக் காணியில் விளைந்ததை, ஆள் அண்டாத இடத்திலிருந்து தலையில் வைத்துச் சுமந்து வந்துகொண்டிருந்தாள் ராக்காயி. எத்தனை தரம் நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கடைசிச் சாக்கைத் தூக்க வளையும்போது பணிப்பாளரின் வாகனம் வந்து நின்றது. கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் மாதிரியைப் பார்க்க வருகிறார்களாம். அவர் கயிற்றோரம் வந்து, கிளறிக் கிடந்த வெறும் மண்ணை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார்.

“மாதிரி எங்கே?”

ராக்காயி சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். அவளுடைய முகத்தில் சிரிப்பு இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

“உக்கிப் போச்சுங்க ஐயா,” என்றாள். “உள்ள போய்ப் பாத்துக்கங்க.”